ஸாக்ரெப் விளக்குகள், கார்ல்ஸ்ரூ கூடம்: ஆறு நாள் குறிப்புகள்

முதல் நாள்: ஸாக்ரெப்

"சித்தி, ஐரோப்பாவுக்கு முதல் தடவையா வர்றீங்க. பாரிஸ் வேணாம், ரோம் வேணாம், ஸாக்ரெப் போறேங்கறீங்களே?" அக்கா மகன் போனில் கேட்டான். அவன் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். அதற்கு முன்னால் நான்கு நாளை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். ஸாக்ரெப் குரோஷியாவின் தலைநகர். 2023 ஜனவரியிலிருந்து குரோஷியாவும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் வட்டத்துக்குள் வந்துவிட்டதால் தனி விசா தேவைப்படவில்லை. பணமும் யூரோதான்.

மதுரையில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகக் கணினி வரைகலை சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் முதல் வகுப்பில் வரலாறு என்று ஒரு பதினைந்து நிமிடம் பேசுவது வழக்கம். அமெரிக்காவின் பெல் ஆய்வகம், மைக்கேல் நோல், 1960-கள் என்று சொல்லிவிட்டு நேராகப் பாடத்துக்குப் போய்விடுவேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய இதழின் அட்டைப்படம் கண்ணில் பட்டது. இதழின் பெயர் 'பிட் இன்டர்நேஷனல்'. 1968 முதல் 1972 வரை ஒன்பது இதழ்கள் வந்திருக்கின்றன. வெளியான ஊர் ஸாக்ரெப். குரோஷியா அன்று ஒரு பகுதியாக இருந்த, டிட்டோ ஆண்ட சோஷலிச யூகோஸ்லாவியாவில், கணினியையும் கலையையும் பற்றிப் பல மொழிகளில் ஓர் இதழ்! அது ஏன் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்ற கேள்வி அன்றைக்கு மனதில் விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டுதான் இங்கே வந்திருக்கிறேன்.

இன்று பெரிதாக எதுவும் பார்க்கவில்லை. நீல நிற டிராமில் ஏறி, ஊரைச் சுற்றி, யெலாச்சிச் சதுக்கத்தில் இறங்கினேன். அதற்கு மேலே டோலாட்ஸ் சந்தை. சிவப்புக் குடைகளின் கீழே கிராமத்துப் பெண்கள் பாலாடைக்கட்டி விற்கிறார்கள். நம் ஊர் உழவர் சந்தையில் நிற்பது போலவே இருந்தது. இரவுக்கு 'ஷ்ட்ருக்லி' சாப்பிட்டேன். மெல்லிய மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்து வேகவைக்கிறார்கள். வயிற்றுக்கு இதமாக இருந்தது. தூக்கம் சொக்குகிறது. மீதி நாளை.

இரண்டாம் நாள்: மேல் நகரம்

காலையில் மேட்டு நகருக்கு ஏறினேன். லோட்ர்ஷ்சாக் கோபுரத்தைத் தாண்டினால் கத்தரினா சதுக்கம். அதன் ஒரு பக்கம் பழைய குல்மர் மாளிகை. 1961-இல் இங்கேதான் தற்காலக் கலைக்கூடம் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று 'புதிய போக்குகள்' என்ற முதல் கண்காட்சி இந்த வீட்டில் திறக்கப்பட்டது.

நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. எதிரே ஒரு கல்மேடையில் உட்கார்ந்து, கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன். ஆகஸ்ட் 3 கண்காட்சி. ஆகஸ்ட் 13 பெர்லினில் சுவர் எழும்புகிறது. செப்டம்பர் 1 பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு. நேருவும் நாசரும் சுகர்ணோவும் இலங்கையிலிருந்து சிறிமாவோ பண்டாரநாயக்கவும் வந்து உட்கார்கிறார்கள். இது எல்லாம் ஆறு வாரத்துக்குள். அந்த நேரத்தில் இந்தச் சின்னச் சதுக்கத்தில் பிரேசில், இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, யூகோஸ்லாவியா என்று பல நாட்டு இளைஞர்களின் கோடுகளும் புள்ளிகளும் ஒரே சுவரில் தொங்கின.

இது தற்செயலாக நடக்கவில்லை. 1948-இல் டிட்டோ ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு, தொழிலாளர் படமும் தலைவர் சிலையும்தான் கலை என்ற சோவியத் பாணியின் பிடி இங்கே தளர்ந்துபோனது. 1951-இலேயே 'எக்ஸாட் 51' என்ற குழு அறிக்கை விட்டது. ஓவியம் உயர்ந்தது, நாற்காலி செய்வது தாழ்ந்தது என்ற வேறுபாடு கிடையாது என்றார்கள் அதில். இவான் பிட்செல்ய், அலெக்ஸாண்டர் ஸ்ர்னெட்ஸ், கட்டடக் கலைஞர் வ்யென்செஸ்லாவ் ரிஹ்டர் எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். ரிஹ்டர்தான் 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் யூகோஸ்லாவியாவின் கூடத்தை வடிவமைத்தவர். சோஷலிச நாடு என்றால் சாம்பல் நிறம் என்று நினைப்பவர்கள் அந்தக் கூடத்தின் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

'புதிய போக்குகள்' தொடங்கியது மூன்று பேரின் பேச்சில். ஜெர்மனியின் உல்ம் நகரில் படித்த பிரேசில் ஓவியர் அல்மிர் மாவினியே, விமர்சகர் மாட்கோ மெஷ்ட்ரோவிச், கலைக்கூடத்தின் இயக்குநர் போஜோ பெக். மெஷ்ட்ரோவிச் 1963-இல் எழுதிய கட்டுரைதான் இந்த இயக்கத்தின் அரசியலைத் தெளிவாகச் சொன்னது. கலையைச் சுற்றியிருக்கும் மாயத்தை விலக்க வேண்டும். மேதையின் கையெழுத்துக்காகப் படம் விலை போவது நிற்க வேண்டும். ஒரு படம் ஆராய்ச்சியைப் போலத் திறந்த விதியோடு செய்யப்பட்டால், அதை யாரும் திரும்பச் செய்யலாம், பெருக்கலாம், எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். கணினி இன்னும் இந்தக் கதைக்குள் வரவே இல்லை. ஆனால் படத்தை ஒரு புரோகிராமாக நினைக்கிற மனம் வந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு வாசல் கோலம்தான் நினைவுக்கு வந்தது. கையெழுத்து இல்லாத, விற்பனைக்கு வராத, விதியால் வளர்கிற படம். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-இல் கோலத்தைக் கணினி இலக்கணமாகவே எழுதிக்காட்டினார்கள். அந்த ஆய்வையும் ஸாக்ரெப்பையும் இணைக்கும் நூல் எதுவும் இல்லை. என் மனதில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன, அவ்வளவுதான்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கோபுரத்தில் பீரங்கி வெடித்தது. தினமும் வெடிப்பார்களாம். தெரிந்திருந்தும் தூக்கிவாரிப்போட்டது.

மூன்றாம் நாள்: சாவா ஆற்றின் அக்கரை

கலைக்கூடம் இப்போது பெரிய அருங்காட்சியகமாகி ஆற்றுக்கு அப்பால், நோவி ஸாக்ரெப்பில் இருக்கிறது. 2009-இல் திறந்த கட்டடம். சோஷலிசக் காலத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து நிற்கிறது. அந்த வளைவு ஜூலியே க்னிஃபர் என்ற ஓவியரின் 'மியாண்டர்' வடிவத்தை நினைவூட்டுவது. அவர் வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வடிவத்தைத்தான், கறுப்பிலும் வெள்ளையிலும், திரும்பத் திரும்ப வரைந்தார். 1961 கண்காட்சியில் அவருடைய படமும் இருந்தது.

காலை முழுக்க உள்ளேயே இருந்தேன். பிட்செல்யின் படங்களை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து அச்சடித்த மாதிரி தெரிகிறது. கிட்டே போனால் ஒரு மனிதர் பொறுமையாக அளந்து அளந்து செய்தது புரிகிறது. ஸ்ர்னெட்ஸின் ஒளிச் சிற்பங்கள் பற்றி நிறையப் படித்திருந்தேன். சுழலும் உலோகத்தின் மேல் வெளிச்சம் விழுந்து உடைவதைப் படத்தில் காட்ட முடியாது; அங்கே நின்றுதான் பார்க்க வேண்டும்.

மதியம் நூலகத்தில் 'பிட் இன்டர்நேஷனல்' இதழ்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நூலகர் அம்மா மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் பக்கம் திருப்புவதைச் சற்று நேரம் கவனித்துவிட்டுப் போனார். குரோஷிய மொழியில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆங்கிலப் பகுதிகளைப் படித்து நோட்டில் எழுதினேன்.

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கணினி இந்தக் கதைக்குள் ஏன் நுழைந்தது என்பது இங்கேதான் இருக்கிறது. 1965 பிப்ரவரியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 'தி ரெஸ்பான்சிவ் ஐ' என்று ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. கண்ணை ஏமாற்றும் கோடுகள், கட்டங்கள். 'புதிய போக்குகள்' ஆட்கள் பலரின் படங்களும் அதில் இருந்தன. கூட்டம் அலைமோதியது. 'ஆப் ஆர்ட்' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. சீக்கிரமே அந்தக் கோடுகள் உடுப்புகளிலும் கடைக் கண்ணாடிகளிலும் ஏறிவிட்டன. எல்லாருக்கும் கொண்டுபோக வேண்டும் என்று கனவு கண்டவர்களின் கண் முன்னால், சந்தைதான் முந்திக்கொண்டு எல்லாருக்கும் கொண்டுபோனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸாக்ரெப்பில் மூன்றாவது கண்காட்சி நடந்தபோது, இனி என்ன செய்வது என்ற கேள்விதான் எல்லார் மனதிலும் இருந்தது.

அவர்கள் கண்ட பதில்களில் ஒன்றுதான் கணினி. 1968 ஆகஸ்ட் 3, 4 தேதிகளில் 'கணினியும் காட்சி ஆராய்ச்சியும்' என்ற தலைப்பில் கூடிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் பெரிய கண்காட்சி, கருத்தரங்கு. போட்டிக்கு வந்த படைப்புகளைத் தேர்ந்தெடுத்த நடுவர்களில் இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோவும் ஒருவர்.

தேதிகளைக் கவனியுங்கள். லண்டனில் 'சைபர்னெட்டிக் செரண்டிப்பிட்டி' என்ற கணினிக் கலைக் கண்காட்சி திறந்தது 1968 ஆகஸ்ட் 2. ஸாக்ரெப் கூட்டம் அதற்கு மறுநாள். லண்டன் கண்காட்சியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது; குழந்தைகளோடு போய் மகிழ்கிற கண்காட்சியாக அது இருந்தது. அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஸாக்ரெப்பில் கூடியவர்கள் இந்த இயந்திரம் சமூகத்தை என்ன செய்யும் என்று உட்கார்ந்து வாதாடினார்கள். பாரிஸில் மே மாதப் போராட்டம் ஓய்ந்திருந்தது. அதில் சேர்ந்ததற்காக, இதே இயக்கத்தில் இருந்த அர்ஜென்டினக் கலைஞர் யூலியோ லெ பார்க்கைப் பிரான்ஸ் நாட்டைவிட்டு வெளியேற்றியது. இத்தனைக்கும் இரண்டே வருடத்துக்கு முன் வெனிஸ் பியென்னாலேயில் ஓவியத்துக்கான பெரும் பரிசு வாங்கியவர் அவர். ஜூனில் பெல்கிரேட் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். ஸாக்ரெப் கூட்டம் முடிந்த மூன்றாவது வாரம் பிராகுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தன.

1969 கருத்தரங்குக்குக் கலைஞர் குஸ்தாவ் மெட்ஸ்கர் லண்டனிலிருந்து வந்தார். நியூரம்பெர்க்கில் பிறந்த யூதர். 1939-இல் சிறுவனாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு உயிர் பிழைத்தவர்; பெற்றோர் நாஜிகளிடம் மாண்டார்கள். கணினிக் கலையில் முன்னால் போய்க்கொண்டிருப்பது கலைஞர்கள் அல்ல, ராணுவம்தான் என்பது அந்த ஆண்டு அவர் எழுதிய கருத்து. விஞ்ஞானிகளும் கலைஞர்களும் தாங்கள் செய்யும் கருவிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று வாதாடியவர்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? இல்லை. 1963-இல் ஓர் அமெரிக்கக் கணினி இதழ் முதன்முதலாகக் கணினிக் கலைப் போட்டி வைத்தது. முதல் பரிசு பெற்றது அமெரிக்க ராணுவத்தின் எறிபடை ஆய்வகத்தில் உருவான படம். அடுத்த ஆண்டும் பரிசு அங்கேயே போனது. அந்தப் படம், பட்டுத் தெறிக்கும் ஒரு குண்டின் பாதை. இந்தத் தகவல் வருடக்கணக்காக என் கையில் இருந்தது. வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. பாடத்துக்கு வெளியே என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இன்று நூலக மேசையில் அது என்னைக் குத்தியது.

நான்காம் நாள்: மலையடிவாரமும் குவாட்ரிச்சும்

காலையில் பியெனிச்கா சாலையில் ஏறி நடந்தேன். மேலே ருஜர் பொஷ்கோவிச் நிறுவனம். 1950-இல் இயற்பியலாளர் இவான் சுபெக்கின் முயற்சியால் எழுந்தது, அணு ஆராய்ச்சிக்காக. அணு ஆயுதத்துக்கு எதிராகக் கடைசிவரை பேசியவர் சுபெக் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்ளே போக அனுமதி இல்லை. வெளியே மரங்களின் நிழலில் நின்றுவிட்டு வந்தேன்.

இங்கேதான் விளாதிமிர் பொனாச்சிச் வேலை பார்த்தார். மின்னணுப் பொறியாளர். பிறகு சைபர்னெட்டிக்ஸ் ஆய்வகத்தின் தலைவர். கையில் பிடிபி-8 கணினி. கணினியைக் கலைக்குக் கொண்டுவந்த மற்றவர்கள் பெரும்பாலும் ரேண்டம் எண்களை நம்பினார்கள். கோடு எங்கே போக வேண்டும் என்று இயந்திரத்தின் பகடையிடம் கேட்பது. இதை பொனாச்சிச் ஏற்கவில்லை.

பெல் ஆய்வகத்து நோலின் சோதனையை இங்கே சொல்ல வேண்டும். 1964-இல் டச்சு ஓவியர் மோன்ட்ரியானின் 1917-ஆம் ஆண்டுப் படம் ஒன்றைப் போலவே ரேண்டம் எண்களை வைத்துக் கணினியில் ஒரு படம் செய்தார். இரண்டையும் நூறு பேரிடம் காட்டினார். 59 சதவீதம் பேர் கணினிப் படத்தையே விரும்பினார்கள். எது கணினி செய்தது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 சதவீதம்தான். நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லும் கதை இது, மாணவர்கள் கைதட்டுவார்கள். பொனாச்சிச் கைதட்டவில்லை. ஏற்கெனவே இருப்பதைப் போலச் செய்வதற்கு இந்த இயந்திரம் எதற்கு, மோன்ட்ரியான் வரைந்ததை அது வரைய வேண்டாம், அது நமக்குக் காட்ட வேண்டியது இதுவரை காணாத உலகம் என்பது அவர் நிலை. இன்று ஒரு நொடியில் யாருடைய பாணியிலும் படம் போட்டுத் தரும் மென்பொருளைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு இந்த மனிதர் ஞாபகம் வருவார்.

பகடைக்குப் பதில் அவர் எடுத்தது கணிதத்தை. கலுவா புலங்கள் என்ற இயற்கணிதம். அதிலிருந்து பிறக்கும் வடிவங்களை விளக்குகளாக எரியவைத்தார். அந்தக் கணிதத்தைத் தந்த எவரிஸ்ட் கலுவா குடியரசுக்காகப் போராடிச் சிறை சென்ற பிரெஞ்சு இளைஞர். 1832-இல் துப்பாக்கிச் சண்டையில் இறந்தபோது வயது இருபது. சிறையில் இருந்த ஒரு புரட்சிக்காரப் பையனின் கணிதம், 137 வருடம் கழித்து ஒரு சோஷலிச நகரத்தின் கடை முகப்பில் விளக்காக எரிந்திருக்கிறது. இதை எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

அந்தக் கடையைத் தேடித்தான் மாலையில் டிராம் ஏறினேன். குவாட்டர்னிக் சதுக்கம். ஊரார் செல்லமாகக் குவாட்ரிச் என்கிறார்கள். டிராம்கள் நாலா பக்கமும் பிரியும் இடம். 'நாமா' என்பது மக்கள் பண்டகசாலை என்பதன் சுருக்கம். அரசாங்கக் காலத்துப் பெரிய கடை. 1969-இல் அதன் முகப்பில் பொனாச்சிச் 36 மீட்டர் நீளத்துக்கு ஒரு விளக்கு வரிசை அமைத்தார். உள்ளே இருந்த மின்னணுச் சுற்று கணக்குப் போட, வெளியே வடிவங்கள் மாறிக்கொண்டே இருந்தன. அருங்காட்சியகத்துக்குள் இல்லை, டிக்கெட் இல்லை. வேலை முடிந்து டிராமுக்கு நிற்கிறவர்கள் பார்ப்பதற்கு.

இப்போது அங்கே அது இல்லை. எதிர்ப்பக்க நிறுத்தத்தில் நின்று முகப்பை அளப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் ரொட்டிப் பை. என்ன தேடுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அச்சடித்து வைத்திருந்த பழைய புகைப்படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல், காலியாக இருந்த கையின் விரல்களை விரித்து விரித்து மூடினார். எரிந்து அணைவது போல. அவருக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அப்பாவோடு இங்கே டிராமுக்கு நிற்கும்போது, "இது என்ன விற்கிறது?" என்று கேட்டாராம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எதையும் விற்கவில்லை" என்றாராம். அவருடைய டிராம் வந்துவிட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. இருட்டும்வரை நின்றேன்.

ஒரு ஊர் தன் பெரிய கடையின் நெற்றியை ஒரு கணிதத்துக்குக் கொடுத்திருக்கிறது. இதைச் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. 1971 கடைசியில், குரோஷியாவுக்குக் கூடுதல் உரிமை கேட்ட குரோஷிய வசந்தம் என்ற இயக்கம் ஒடுக்கப்பட்டது. பலர் பதவியும் வேலையும் இழந்தார்கள், சிறைக்குப் போனார்கள். 1973-இல் ஐந்தாவது கண்காட்சியோடு 'புதிய போக்குகள்' வரிசையும் நின்றது. அதில் கணினிப் பிரிவுக்குப் பக்கத்திலேயே கருத்துக் கலைக்கு ஒரு பிரிவு வந்துவிட்டது. வெறும் ஒரு எண்ணத்தையே கலையாக வைத்த இளையவர்களுக்கு இயந்திரத்தின் மேல் அந்த மோகம் இல்லை. பொனாச்சிச் அதற்கு முன்பே ஜெருசலேமுக்குப் போயிருந்தார். எல்லாம் உண்மை. ஆனாலும் இந்த முகப்பு எரிந்ததும் உண்மை.

ஐந்தாம் நாள்: இரவு ரயில், ஸ்டுட்கார்ட்

ரயிலில் தூக்கம் வரவில்லை. பக்கத்துப் படுக்கையில் ஒரு பையன் போனில் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான், சத்தத்தை அணைத்துவிட்டு. அதைப் பார்த்ததும் சார்லஸ் சூரி நினைவுக்கு வந்தார்.

அமெரிக்க ஓவியர். இரண்டாம் உலகப் போரில் பல்ஜ் சண்டையில் நின்று உயிரோடு திரும்பியவர். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த 1967-இல் 'ரேண்டம் வார்' என்ற படத்தைச் செய்தார். ஒரே ஒரு பொம்மைச் சிப்பாயை வரைந்து கணினிக்குக் கொடுத்தார். அது 400 சிப்பாய்களாகப் பெருகியது. சிவப்புப் படை, கறுப்புப் படை. யார் எங்கே நிற்பது, யார் சாவது, யாருக்குக் காயம், யார் காணாமல் போவது, யாருக்குப் பதக்கம் எல்லாவற்றையும் ரேண்டம் எண் தீர்மானித்தது. அவர் அதோடு நிற்கவில்லை. சிப்பாய்களுக்கு நிஜ மனிதர்களின் பெயர்களை வைத்தார். தெரிந்தவர்கள், அரசியல்வாதிகள். பட்டியலில் ரொனால்ட் ரீகன் பெயரும் உண்டு. பெயர் வந்ததும் புள்ளிவிவரம் சாவாக மாறிவிடுகிறது.

இருபத்திரண்டு வருடம் ரேண்டம் எண்களைப் பகடை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

காலையில் நிலையத்தில் அக்கா மகன் காத்திருந்தான். இட்லி வைத்திருந்தான், தானே மாவு அரைத்து. சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்து, மாலையில் மட்டும் பல்கலைக்கழகப் பக்கம் போய்வந்தோம். 1965 பிப்ரவரியில் மாக்ஸ் பென்ஸே என்ற தத்துவப் பேராசிரியர் இங்கேதான் கெயோர்க் நேஸின் கணினி வரைபடங்களை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தார். வந்திருந்த ஓவியர்களுக்குக் கோபம். என் கைவாகைப் போல உன் இயந்திரம் வரையுமா என்று ஒருவர் கேட்க, உங்கள் கைவாகு எப்படி என்று நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தால் வரையும் என்றார் நேஸ். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ஒரு புத்தகக் கடைக்காரரின் கலைக்கூடத்தில் நேஸோடு சேர்ந்து படம் வைத்தவர் ஃப்ரீடர் நாகே. அப்போது இளம் கணித ஆள். பல்கலைக்கழகத்துக்கு வந்த 'கிராஃபோமாட் இசட்64' என்ற பிளாட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தவர். துளையிட்ட காகித நாடாவைப் படித்து, பேனாவை நகர்த்தி வரையும் மேசை அது. அதில்தான் ஓவியர் பால் க்ளேக்கு அஞ்சலியாக அவர் செய்த புகழ்பெற்ற படமும் பிறந்தது. ஆறு வருடம் கழித்து, 1971-இல், இதே நாகே 'கணினிக் கலை இருக்கக் கூடாது' என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார். வெளியான இதழ், மெட்ஸ்கர் ஆசிரியராக இருந்த 'பேஜ்'. இடதுசாரி அரசியலுக்குள் போயிருந்தார் நாகே. கணினி படைப்பாற்றல் உள்ளதா என்ற கேள்வியே வீண், நாம் கலைச் சந்தைக்குப் புதிய சரக்குதான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவர் வாதம். கண்காட்சிகளிலிருந்து விலகினார். புகழ் வந்துகொண்டிருந்த நேரத்தில் அப்படி நிறுத்துவது எளிதல்ல. அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. குவாட்ரிச் விளக்குகள் சந்தைச் சரக்கு இல்லையே. ஆனால் அந்த நிறுத்தத்தை மதிக்கிறேன்.

ஆறாம் நாள்: கார்ல்ஸ்ரூ

இன்று அக்கா மகனுக்கு விடுமுறை. ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இங்கே கலை மற்றும் ஊடக மையம், சுருக்கமாக 'இசட்கேஎம்'. ஸாக்ரெப் கதையை மறதியிலிருந்து தோண்டி எடுத்ததில் இந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2008-இல் கண்காட்சி வைத்தார்கள். 2010-இல் ஆவணங்களைத் தொகுத்துத் தடிமனான நூல் போட்டார்கள்.

கட்டடத்தின் முன் வந்ததும், "என்ன சித்தி, ஃபேக்டரி மாதிரி இருக்கு?" என்றான். ஃபேக்டரிதான். 312 மீட்டர் நீளம், உள்ளே வரிசையாகப் பத்து வெளிச்ச முற்றங்கள். முதல் உலகப் போரின்போது கட்டிய வெடிமருந்து ஆலை. இரண்டாம் போரில் கட்டாய உழைப்பாளிகளை வைத்து இங்கே ஆயுதம் செய்தார்கள். 1997 முதல் இது கலை மையம். கூரைக் கண்ணாடி வழியே நல்ல வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எதையோ வரைந்தார்கள்.

உள்ளே ஒரு 'சூஸ் இசட்22' இருக்கிறது. வெற்றிடக் குழாய்களால் ஆன 1950-களின் கணினி, இன்றும் இயங்கும் நிலையில் பாதுகாக்கிறார்கள். அதன் முன்னால் நின்று அவனுக்குச் சொன்னேன். இதைச் செய்த கான்ராட் சூஸ்தான் நாகேயும் நேஸும் பயன்படுத்திய பிளாட்டரையும் செய்தவர். அவரே போர்க்காலத்தில் ஹென்ஷல் விமான நிறுவனத்தில் இருந்தவர். அங்கே, இலக்கை நோக்கி மிதந்து செல்லும் குண்டுகளின் இறக்கைகளைத் திருத்துவதற்குக் கணக்கிடும் கருவிகளைச் செய்தார். குண்டின் இறக்கைக்குக் கணக்குப் போட்ட அதே அறிவு, இருபது வருடம் கழித்து க்ளேக்கு அஞ்சலி வரைந்த பேனாவை நகர்த்தியது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இது நல்ல மெஷினா, கெட்ட மெஷினா?" என்றான்.

"குவாட்ரிச்சுல அந்த அப்பா சொன்னதை யோசிச்சுப் பாருடா. எதுக்காக எரியுதுன்னு அவருக்கு ஒரு பதில் இருந்தது."

திரும்பும் ரயிலில் ஜூன் மாதத்து முதல் வகுப்பை நோட்டில் எழுதிப் பார்த்தேன். பகடை வேண்டாம். சூரியைப் போல 400 பேர்; இருபதுக்கு இருபது கட்டங்கள். ஒவ்வொரு மாணவரும் தனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களைத் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் ரேண்டம் எண் கட்டளையை ஓட்டுவது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாயிருக்கு சித்தி. முதல் பேரு என்னோடதைப் போட்டுக்குங்க."

பேனாவை முதல் கட்டத்தின் மேல் வைத்தேன். ஸ்டுட்கார்ட் வந்து இறங்கும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.